வேலைப் பட்டியல் செயலிகளில் காத்திருப்புக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு மாவட்டத்தில் கமக்காரர் அமைப்புகள், மாதர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், மரண உதவிச் சங்கங்கள் எனப் பல பொது அமைப்புகள் தங்களது வேலைகளைப் பகிர்ந்துகொள்வதற்கும் கண்காணிப்பதற்கும் கைத்தொலைபேசிச் செயலிகளை நாடத் தொடங்கியுள்ளன. திட்ட உதவி வழங்குகின்ற நிறுவனங்களுட் சில இதனை ஊக்குவிக்கின்றன. சில வேளைகளில் நிபந்தனையாகவே முன்வைக்கின்றன. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற வகையில், அவ்வாறான செயலி ஒன்றைப் பயன்படுத்தி வருகின்றவன் நான். அதன் அடித்தளத்திலேயே அமைந்துள்ள ஒரு குறையைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வாசகர்களுக்கும், இத்தகைய செயலிகளைத் தெரிவு செய்பவர்களுக்கும் உருவாக்குபவர்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகின்றேன். நாங்கள் பயன்படுத்துகின்ற செயலியின் பெயரை இங்கு எழுதவில்லை. இக்குறை அந்த ஒன்றுக்கு மாத்திரம் உரியதன்று. கட்டணமின்றிக் கிடைக்கின்ற வேலைப் பட்டியல் செயலிகளுட் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே அமைந்துள்ளன.

இச்செயலிகளின் கணக்கில் ஒரு வேலைக்கு ஒரு பொறுப்பாளர், ஒரு முடிவுத் திகதி, முடிந்தது அல்லது முடியவில்லை என்ற இரு நிலைகள், இவ்வளவே உண்டு. எங்கள் வேலைகளோ பெரும்பாலும் எங்கள் கையை விட்டுப் போய், இன்னொருவருடைய மேசையில் பல வாரங்கள் தங்கி, மீண்டும் எங்கள் கைக்கு வந்த பின்னரே முடிவடைகின்றன. அவ்வாறு இன்னொருவரிடம் தங்கியிருக்கின்ற காலத்தைப் பதிவு செய்வதற்குச் செயலியில் இடமில்லை. இடமில்லாத காரணத்தால் அக்காலம் முழுவதும் எங்கள் உறுப்பினருடைய தாமதமாகச் சிவப்பு நிறத்தில் எழுதப்படுகின்றது. நான் சொல்ல வருகின்ற விடயம் இதுவே. ஏனைய குறைகளையும் இதனோடு சேர்த்தே குறிப்பிடுகின்றேன்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட அமைப்பு எங்களுடையது. ஒவ்வொரு போகமும் தொடங்குவதற்கு முன்னர் வாய்க்கால் துப்புரவு, மதகுப் பழுது, விதைநெல், பசளைக்கான பெயர்ப் பட்டியல், பயிர்க் காப்புறுதி, மாடுகளை வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) அப்புறப்படுத்தல், யானை வேலி எனப் பல காரியங்களைக் கவனிக்க வேண்டியுள்ளது. இவையெல்லாம் முன்பு செயலாளரின் கொப்பியில் இருந்தன. செயலாளர் சுகவீனமுற்றாலோ வெளியூர் சென்றாலோ எந்த வேலை எந்த நிலையில் இருக்கின்றதென்பது பிறருக்குத் தெரியாது. பின்னர் வட்ஸ்அப் குழுவொன்றை அமைத்தோம். காலை வணக்கங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் இடையில் வேலைகள் காணாமற் போயின. ஆகவே செயலியை ஏற்றுக்கொண்டபோது எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. அதனால் விளைந்த நன்மையையும் மறுக்க மாட்டேன். பழுதடைந்த இடத்தின் படத்தை, வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கின்ற வட்டவிதானையார் அவ்விடத்தில் நின்றவாறே சேர்க்கின்றார். பொருளாளர் பற்றுச்சீட்டை அன்றே இணைக்கின்றார். யார் எதற்குப் பொறுப்பு என்பதை அனைவரும் பார்க்கின்றனர். செயலி வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அதனை விட்டுவிட இயலாத அளவுக்கு அதில் தங்கியிருப்பதனாலேயே அதன் குறையைப் பற்றி எழுதுகின்றேன்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். மழைக்குப் பின்னர் ஒரு வாய்க்காலின் கட்டு உடைந்துவிட்டதாகக் கொள்வோம். நாங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது. அது ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் பின்னர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும். மதிப்பீடு தயாரிக்கப்பட வேண்டும். அம்மதிப்பீட்டுக்கு அனுமதி கிடைக்க வேண்டும். நிதி ஒதுக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் அமைப்புக்கு வழங்கப்பட வேண்டும். அதற்குப் பின்னரே எங்கள் ஆட்கள் மண்வெட்டியை எடுக்க முடியும். இவ்வளவும் நிகழ்வதற்கு இரண்டு மாதங்கள் சென்றால் அதில் எங்கள் கையில் இருந்தது சில நாட்களே. அலுவலகங்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களுக்கும் ஆளணிப் பற்றாக்குறை உண்டு. ஒரே உத்தியோகத்தர் பல குளங்களையும் பல வட்டைகளையும் பார்க்க வேண்டியுள்ளது. ஆண்டிறுதி நெருங்கினால் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பது அவர்களுக்கும் தவிர்க்க முடியாதது. ஆயினும் செயலியில் ‘வாய்க்கால் கட்டுத் திருத்தம்’ என்ற வேலைக்கு நேரே எங்கள் பொருளாளரின் பெயர் இருக்கின்றது. குறித்த திகதி கடந்த மறுநாளே அது சிவப்பாகின்றது. அந்த இரண்டு மாதமும் அவர் பெயருக்கு நேரே சிவப்பாகவே இருக்கின்றது. குளத்தில் நீர் இல்லாமைக்கு வட்டவிதானையாரிடம் விளக்கம் கேட்பதற்கு ஒப்பானது இது.

இதற்கு மாற்று வழிகள் இல்லையா என்று கேட்பவர்கள் இருப்பர். நாங்களும் தேடிப் பார்த்தோம். வேலையின் கீழேயுள்ள குறிப்புப் பகுதியில் ‘அனுமதிக்குக் காத்திருக்கின்றோம்’ என்று எழுதி வைத்தோம். குறிப்பைத் திறந்து வாசிப்பவருக்கே அது தெரியும். பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சிவப்பு மாத்திரமே தெரியும். காத்திருக்கின்ற வேலைகளை மட்டும் தனியே எடுத்துக் காட்டு என்று செயலியிடம் கேட்கவும் வழியில்லை. பின்னர் ‘காத்திருப்பு’ என்று ஒரு தனி நிரலை உருவாக்கி, அத்தகைய வேலைகளை அங்கு நகர்த்தினோம். அங்கும் சிவப்பு மாறவில்லை. அத்துடன் யாரிடம் காத்திருக்கின்றோம், எந்த நாளிலிருந்து காத்திருக்கின்றோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த நிரலில் விடை இருக்கவில்லை. கமநல சேவை நிலையத்திலிருந்து வர வேண்டிய கையொப்பமும், வங்கியிலிருந்து வர வேண்டிய கடிதமும், எங்கள் உறுப்பினர் ஒருவர் கொண்டுவர வேண்டிய காணி உறுதியின் பிரதியும் ஒரே குவியலாகக் கிடந்தன.

மூன்றாவது வழி திகதியைத் தள்ளிப்போடுவது. பெரும்பாலான அமைப்புகள் இதனையே செய்கின்றன என்று நினைக்கின்றேன். இதுவே மிகவும் தீங்கான வழி. எங்கள் செயலியில் முடிவுத் திகதியை மாற்றும்போது பழைய திகதி பட்டியலிலிருந்து மறைந்துவிடுகின்றது. மூன்று முறை தள்ளிப்போடப்பட்ட வேலையும் நேற்று எழுதப்பட்ட வேலையும் பட்டியலில் ஒன்று போலவே தோன்றும். பிரதேச மட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் நாங்கள் எழுந்து நின்று பேசும்போது எங்களிடம் இருக்க வேண்டிய ஒரே ஆயுதம், இக்கடிதம் இன்ன நாளில் ஒப்படைக்கப்பட்டது, இன்ன நாள் வரை பதில் இல்லை என்ற பதிவு. பழைய கொப்பியில் அனுப்பிய கடிதங்களின் பதிவேடு ஒன்று இருந்தது. அதில் ஒப்படைத்த திகதி மையால் எழுதப்பட்டிருந்ததனால் எவராலும் அதனை நகர்த்த முடியவில்லை. செயலியில் நாங்களே எங்கள் கையால் அந்தச் சான்றை அழித்துக்கொண்டு வருகின்றோம். சிவப்பை நீக்க வேண்டுமாயின் சான்றை இழக்க வேண்டும், சான்றைக் காக்க வேண்டுமாயின் சிவப்பைச் சுமக்க வேண்டும் என்ற நிலைக்கு ஒரு பொது அமைப்பைத் தள்ளுவது நியாயமன்று.

இனி, இச்சிவப்பு மனிதரை என்ன செய்கின்றது என்பதைக் கூற வேண்டும். இக்கடிதத்தை எழுதத் தூண்டிய காரணமும் அதுவே. செயலி ஒவ்வொரு மாதமும் தானாகவே ஒரு வரைபடத்தை ஆக்கித் தருகின்றது. யார் பெயரில் எத்தனை வேலைகள் முடிந்தன, எத்தனை வேலைகள் திகதி கடந்து கிடக்கின்றன என்று அதில் பட்டைகளாகக் காட்டப்படும். அந்த வரைபடம் உதவி வழங்குகின்ற நிறுவனத்துக்கான அறிக்கையில் அப்படியே ஒட்டப்படுகின்றது. எங்கள் செயற்குழுவில் அலுவலகங்களுக்குச் சென்று வருகின்ற பொறுப்பை விருப்பத்துடன் ஏற்ற ஒரு சகோதரி இருக்கின்றார். பேருந்துக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து செலவழித்து, வீட்டு வேலைகளை விடியுமுன்னரே முடித்துவிட்டு நகரத்துக்குச் செல்பவர். அவர் பெயருக்கு நேரேயே மிக நீளமான சிவப்புப் பட்டை இருந்தது. அமைப்பின் மிகக் கடினமான வேலைகளை அவர் ஏற்றிருந்தார் என்பதே அதன் பொருள். வரைபடமோ அவரே மிகவும் பின்தங்கியவர் என்று கூறியது. கூட்டத்தில் அவரிடம் எவரும் கடிந்து பேசவில்லை. ஆனாலும் அடுத்த போகத்துக்கு வேலைகள் பகிரப்பட்டபோது அவர் கடிதத் தொடர்பு வேலையை ஏற்கவில்லை. தேநீர் ஏற்பாடு, கதிரைகள், கூட்ட அறிவித்தல் ஆகியவற்றைத் தருமாறு கேட்டார். அவற்றை அவர் குறித்த நாளில் முடித்தார். வரைபடத்தில் பச்சை நிறம் வந்தது. கடிதங்களைக் கொண்டு செல்வதற்கு ஆளில்லாமற் போனது.

அவர் ஒருவர் மட்டுமல்லர். தன் கையால் தொடங்கித் தன் கையால் முடிக்கக்கூடிய வேலைகளையே உறுப்பினர்கள் தேடி எடுக்கத் தொடங்கினர். வேறு சிலர் ‘கட்டுத் திருத்தம்’ என்ற வேலையை ‘கட்டுத் திருத்தத்துக்குக் கடிதம் கொடுத்தல்’ என்று மாற்றி எழுதி, கடிதம் கொடுத்த அன்றே முடிந்ததாகக் குறித்தனர். அவர்கள் மேல் பிழை காண எனக்கு மனமில்லை. தங்கள் நேரத்தை இலவசமாகத் தருகின்ற மனிதர்கள் தங்கள் பெயரைக் காத்துக்கொள்ள எடுத்த வழி அது. ஆனால் அதன் விளைவாக, கட்டு இன்னும் உடைந்தே கிடக்கின்றது என்பதைக் காட்டுகின்ற ஒரு வரியும் பட்டியலில் இல்லாமற் போயிற்று. சம்பளம் பெறுகின்ற ஊழியர்கள் உள்ள கம்பனியொன்றில் இத்தகைய வரைபடம் எவ்வாறு பயன்படுகின்றதோ நான் அறியேன்; தொண்டர்களால் இயங்குகின்ற ஊர் அமைப்பொன்றில் அது நல்ல மனிதர்களை முன்வரிசையிலிருந்து பின்னுக்குத் தள்ளுகின்றது.

திகதி பற்றிய இன்னொரு குறையும் இதனோடு தொடர்புடையது. வெள்ளாமை செய்பவருக்குத் திகதி என்பது நாட்காட்டியில் தனித்து நிற்பதன்று; அது இன்னொரு நாளைப் பற்றிக்கொண்டு நிற்பது. சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் முதல் நீர் திறக்கின்ற நாள், விதைப்பு முடிய வேண்டிய நாள், மாடுகளை அகற்ற வேண்டிய நாள், கடைசி நீர் வழங்குகின்ற நாள் ஆகியன தீர்மானிக்கப்படுகின்றன. நீர் திறக்கும் நாள் பத்து நாட்கள் பின்னால் சென்றால் அதன் பின்னால் வருகின்ற அனைத்தும் செல்ல வேண்டும். களைநாசினி தெளிப்பதும் யூரியா இடுவதும் விதைத்த நாளிலிருந்து எண்ணியே செய்யப்படுகின்றன. மூன்று மாத நெல்லான பிஜி 300 விதைத்தவருக்கும் மூன்றரை மாத நெல்லான ஏ.ரி. 362 விதைத்தவருக்கும் அறுவடை இயந்திரம் ஒழுங்கு செய்ய வேண்டிய நாள் வேறு வேறு. நாங்கள் பயன்படுத்துகின்ற செயலியில், ‘நீர் திறந்து பன்னிரண்டாம் நாள்’ என்று ஒரு வேலைக்குத் திகதி கொடுக்க முடியாது. ஒரு நாள் மாறினால் அதன் பின்னுள்ள ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே திறந்து கையால் மாற்ற வேண்டும். மாற்றத் தவறிய ஒவ்வொன்றும் உரியவர் பெயரில் சிவப்பாகின்றது.

இது கண்டுபிடிக்கப்பட வேண்டிய ஒரு புதுமையா என்றால், இல்லை. ஒரு வேலை முடிந்த பின்னரே அடுத்த வேலை தொடங்க முடியும் என்ற தொடர்பை வலைப்பின்னலாக வரைந்து, ஒன்று பிந்தினால் எது எது பிந்தும் என்று கணிக்கின்ற முறைகள் 1950களின் பிற்பகுதியிலேயே உருவாகிவிட்டன. அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் உருவாக்கிய ‘பேர்ட்’ முறை அவற்றுள் ஒன்று. பெரிய கட்டட நிறுவனங்கள் பயன்படுத்துகின்ற திட்டமிடல் மென்பொருள்களில் இவ்வசதி நெடுங்காலமாக உண்டு. மென்பொருள் நிறுவனங்களுக்கென ஆக்கப்பட்ட சில கருவிகளில் ஒரு வேலை வேறொன்றால் தடைப்பட்டிருக்கின்றது என்று குறிப்பதற்கும் வழி உண்டு. எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டுகின்ற எளிய செயலிகளில் இவை கட்டணப் பதிப்புக்கு ஒதுக்கப்படுகின்றன, அல்லது அறவே விடப்படுகின்றன. சிறிய அமைப்புகளின் வேலை எளிமையானது என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கக்கூடும். ஒரு வட்டையின் ஒரு போகத்தை நடத்திப் பார்த்தவர் எவரும் அவ்வாறு நினைக்க மாட்டார்.

பூரணை தினத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். பொது விடுமுறையாகையால் எங்கள் பொதுக் கூட்டத்தைப் பூரணையன்றே வைக்கின்றோம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்று மீள்நிகழ்வைக் கொடுத்தால் செயலி ஏற்றுக்கொள்கின்றது. பூரணை என்றால் அதற்குத் தெரியாது. நாட்காட்டித் தகவல்களைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான ‘ஐகேலண்டர்’ நியமம் 1998இல் வெளிவந்தது. சீனப் புத்தாண்டு போன்று வேறு நாட்காட்டியின்படி வருகின்ற நாட்களையும் மீள்நிகழ்வாகக் குறிப்பதற்கான விரிவு 2015இல் அதனோடு சேர்க்கப்பட்டது. ஆகவே நிலாவைப் பின்பற்றி நாள் குறிப்பதற்குத் தொழில்நுட்பத் தடை இருப்பதாகக் கூற முடியாது.

தமிழில் எழுதுவதால் வருகின்ற சிரமத்தையும் சொல்ல வேண்டும். செயலியின் பட்டியலில் வேலையின் பெயர் ஒரு வரிக்கு மேல் காட்டப்படுவதில்லை; மீதி வெட்டப்படுகின்றது. தமிழில் வினை இறுதியில் வருகின்றது. ‘இரண்டாம் வாய்க்கால் மூன்றாம் மதகுப் பலகைக்கு விலைமனு கோரல்’, ‘இரண்டாம் வாய்க்கால் மூன்றாம் மதகுப் பலகைக்குப் பணம் செலுத்தல்’ என்ற இரண்டும் திரையில் ஒரே வேலையாகத் தெரிகின்றன. செய்ய வேண்டியது எது என்பதைக் கூறுகின்ற சொல்லே காணாமற் போகின்றது. திறன்பேசி இல்லாத உறுப்பினர்களுக்குக் குறுஞ்செய்தியாக நினைவூட்டல் அனுப்பலாமென்றால், ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்கின்ற ஒரு செய்தியில் தமிழுக்குக் கிடைப்பது 70 குறியீடுகள் மாத்திரம். அதிலும் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், எட்டு எழுத்துகள் கொண்ட ‘மட்டக்களப்பு’ என்ற பெயர் பன்னிரண்டு குறியீடுகளை எடுத்துவிடுகின்றது. முழுமையான ஒரு நினைவூட்டல் இரண்டு செய்திகளாகப் பிரிந்து, இரண்டுக்கும் கட்டணம் அறவிடப்படுகின்றது.

படுவான்கரையில் வட்டைகளுக்குள் சென்றால் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைப்பதில்லை. இணையம் இல்லாதபோது எங்கள் செயலியில் பழைய பட்டியலை வாசிக்கலாம். எழுதிய மாற்றம் இணையம் கிடைக்கும் வரை தொலைபேசியிலேயே தங்கியிருக்கும். இதற்கிடையில் வேறொருவர் அதே வேலையை மாற்றியிருந்தால் பின்னர் வந்து சேர்ந்த மாற்றம் நிலைக்கின்றது, முன்னையது எவ்வித அறிவித்தலுமின்றி அழிந்துவிடுகின்றது. இரண்டையும் காட்டி எதனை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தால் போதுமானது. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் வெள்ளம் வயல்களை மூடியது போன்ற நாட்களிலேயே பதிவுகள் மிகவும் தேவைப்படுகின்றன; மின்சாரமும் இணையமும் கைவிடுகின்ற நாட்களும் அவையே. எந்த வயல் எத்தனை ஏக்கர் நீரில் நின்றது என்ற குறிப்பு, பின்னர் நட்டஈட்டு விண்ணப்பத்துக்கு அடிப்படையாகின்றது. அத்தகைய குறிப்பொன்று சொல்லாமற் கொள்ளாமல் மறைவதை ஏற்க முடியாது.

கட்டணம் செலுத்தி நல்ல பதிப்பைப் பெறலாமே என்று சொல்லப்படுகின்றது. கட்டணம் ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று டொலரில் கணிக்கப்படுகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியதைக் கண்டவர்கள் நாங்கள். அதுவன்றி, காசோலைப் புத்தகம் மாத்திரம் கொண்ட ஊர் அமைப்பொன்றிடம் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்துகின்ற அட்டை இருப்பதில்லை. தலைவரோ செயலாளரோ தனது அட்டையைக் கொடுத்தால் கணக்காய்வின்போது அதற்கு விளக்கம் எழுத வேண்டும். இலவசப் பதிப்பின் எல்லைகளும் நிலையானவை அல்ல. ‘ட்ரெல்லோ’ என்ற பரவலாக அறியப்பட்ட செயலி, 2024இல் அதன் இலவச வேலைத்தளமொன்றில் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து இயங்க முடியாது என்று வரையறுத்தது. செயற்குழுவும் வட்டைப் பிரதிநிதிகளும் சேர்ந்தால் எந்தக் கமக்காரர் அமைப்பிலும் பத்துப் பேரைத் தாண்டிவிடும். பேர்லினில் உருவாகிப் பலராலும் விரும்பப்பட்ட ‘வுண்டர்லிஸ்ட்’ செயலியை 2015இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வாங்கி, 2020 மே 6ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. ஓர் அமைப்பின் பல போகங்களின் வரலாறு இவ்வாறான ஓர் இடத்தில் மட்டும் இருக்குமாயின், அதனை முழுமையாக வெளியே எடுத்து வேறிடத்தில் வைக்கின்ற வழி எளிதாக இருக்க வேண்டும். எங்கள் செயலியிலிருந்து பட்டியலை எக்செல் கோப்பாக எடுத்தபோது வேலைகளின் பெயர்களும் திகதிகளும் வந்தன. குறிப்புகளும் படங்களும் வரவில்லை. யாருக்குக் கடிதம் கொடுத்தோம் என்ற விபரம் இருந்தது அக்குறிப்புகளிலேயே.

ஆகவே நான் கேட்பது இதுதான். செயலிகளை ஆக்குபவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கட்டங்களைக் கூடுதலாகத் தர வேண்டும்: இப்போது இது யாரிடம் இருக்கின்றது, எந்த நாளிலிருந்து இருக்கின்றது. அவை நிரப்பப்பட்டிருக்கின்ற காலத்தில் பொறுப்பாளரின் பெயரில் தாமதம் ஏறக்கூடாது; அக்காலம் தனிக் கணக்காக, வேறு நிறத்தில் காட்டப்பட வேண்டும். திகதி மாற்றப்பட்டால் முதலில் குறித்த திகதியும் அதனருகில் தெரிய வேண்டும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கணினி பயில்கின்ற எங்கள் பிள்ளைகள் இறுதியாண்டுத் திட்டமாக ஒன்றைத் தேடும்போது, ஒரு கமக்காரர் அமைப்பின் ஆரம்பக் கூட்டத்தில் வந்து அமர்ந்து கேட்டுவிட்டு இதனை ஆக்கிப் பார்க்கலாம். எங்கள் பதிவுகளை அவர்களுக்குக் காட்ட நாங்கள் ஆயத்தமாகவுள்ளோம்.

உதவி வழங்குகின்ற நிறுவனங்களிடம் கேட்பது இன்னும் எளிது; அதற்கு ஒரு புதிய செயலியும் தேவையில்லை. ஆட்களின் பெயரோடு கூடிய அந்தத் தாமத வரைபடத்தை அறிக்கையில் கேட்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, எந்த வேலை எந்தக் கட்டத்தில் எவ்வளவு காலம் நிற்கின்றது என்று கேளுங்கள். அக்கேள்விக்கு நாங்கள் தருகின்ற விடை, உரிய அலுவலகங்களோடு நீங்கள் பேசுவதற்கும் பயன்படும். ஒரு தொண்டரின் பெயர் அதில் சிவப்பாக வேண்டியதில்லை.

இவை நடைபெறும் வரை எங்கள் அமைப்பில் ஓர் ஏற்பாட்டைச் செய்துள்ளோம். செயலியை விடவில்லை. ஆனால் வேறொருவரின் கையை எதிர்பார்க்கின்ற எந்த வேலையையும் இரண்டாகப் பிரித்து எழுதுகின்றோம். எங்கள் பங்கு முடிந்ததும் அது முடிந்ததாகக் குறிக்கப்படுகின்றது. மீதி, எவருடைய பெயரும் முடிவுத் திகதியும் இல்லாமல், ஒப்படைத்த நாளைப் பெயரின் தொடக்கத்திலேயே தாங்கிய தனி வேலையாகத் திறந்து வைக்கப்படுகின்றது. திகதி கொடுக்கப்படாததால் அது சிவப்பாவதில்லை; நாள் முதலில் வருவதால் திரையில் வெட்டப்படுவதுமில்லை. அனுப்பிய கடிதங்களின் பதிவேட்டையும் மீண்டும் கொப்பியில் தொடங்கியுள்ளோம். அலுவலக முத்திரையிட்ட பிரதி அதில் ஒட்டப்படுகின்றது. இது இரட்டை வேலை என்பது உண்மை. மாதம் ஒரு முறை இரண்டையும் ஒப்பிடுவதற்குப் பொருளாளரும் நானும் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட வேண்டியுள்ளது. ஆயினும் முன்னர் குறிப்பிட்ட சகோதரி கடிதத் தொடர்பு வேலையை மீண்டும் ஏற்றுக்கொண்டுள்ளார்.

திருக்கோவில், அக்கரைப்பற்று, சம்மாந்துறை, வாகரை, வெல்லாவெளி முதலிய இடங்களிலுள்ள கமக்காரர் அமைப்புகளும் இவ்வாறான செயலிகளைப் பயன்படுத்துவனவாயின், தங்கள் அனுபவத்தை இப்பகுதிக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கின்றேன். பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டங்கள் தொடங்குவதற்கு முன்னர் அவை வெளிவருமாயின், புதிதாகச் செயலி தெரிவு செய்யவுள்ள அமைப்புகளுக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்,
கமக்காரர் அமைப்பு,
படுவான்கரை, மட்டக்களப்பு.